ஸாலிஸிடர் ஆக யாருக்கு வழி?

இங்கிலாந்தில் வக்கீல் தொழில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பெரிய கோர்ட்டில் அங்கி மாட்டிக்கொண்டு வாதாடுகிறவர் பாரிஸ்டர். கட்சிக்காரரின் பேச்சைக் கேட்பதும், தஸ்தாவேஜு தயாரிப்பதும், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் விடுவதும் ஸாலிஸிடரின் வேலை. யந்திரத்தில் கை நசுங்கிய தொழிலாளி முதலில் ஏறவேண்டியது ஸாலிஸிடர் ஆபீசுப் படியைத்தான். அந்த நாற்காலியில் உட்காருகிறவர் எப்படி அங்கே வந்து சேர்ந்தார், யார் காசில் தொழில் கற்றார் என்பது தொழிலாளிக்குச் சம்பந்தமில்லாத விஷயமல்ல.

பழைய நாளில் இந்தத் தொழிலை ஆபீசில் உட்கார்ந்துதான் கற்றார்கள். 1729-ம் வருஷச் சட்டப்படி ஐந்து வருஷம் ஒப்பந்தக் குமாஸ்தாவாக இருக்கவேண்டும். சம்பளம் கிடைப்பது இருக்கட்டும், பிள்ளையைச் சேர்த்துக்கொள்வதற்கே தகப்பன் பணம் கட்டுவது வழக்கம். போதாதென்று 1794-ல் சர்க்கார் அந்த ஒப்பந்தப் பத்திரத்துக்கு 100 பவுன் முத்திரை வரி போட்டது. சுரங்கத் தொழிலாளியின் மகன் எங்கே, 100 பவுன் எங்கே!

அப்படிப்பட்ட தொழிலிலிருந்து ஒருவர் தொழிலாளர் பக்கம் வந்தார். வில்லியம் பிரௌட்டிங் ராபர்ட்ஸ். பாத் நகரத்து ஸாலிஸிடர், சார்ட்டிஸ்ட் இயக்கத்துக்காரர். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. 1843-ல் நார்தம்பர்லாண்டு, டர்ஹாம் சுரங்கத் தொழிலாளர்கள் பென்னி பென்னியாகச் சேர்த்து அவரைத் தங்கள் வக்கீலாக அமர்த்தினார்கள். அந்த ஊர்களில் மாஜிஸ்டிரேட்டுகள் சுரங்க முதலாளிகளின் சிநேகிதர்கள். வேலைக்குப் போகாதவனை ஒப்பந்தத்தை மீறினான் என்று சிறைக்கு அனுப்புவார்கள். ராபர்ட்ஸ் ஆட்கொணர்வு மனு போட்டு லண்டன் உயர் மன்றத்துக்கு இழுத்துப்போய் விடுதலை வாங்கினார். அவர் பெயரைக் கேட்டாலே முதலாளிகள் கலங்கினார்கள் என்பதை எங்கெல்ஸ் 1845-ல் வெளியிட்ட நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். படி அளந்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். ஆகவே வக்கீல் அவர்கள் வக்கீலாக இருந்தார். பிறப்பைவிட இது முக்கியம் என்று நான் கருதுகிறேன்.

இன்றைய நிலைமை என்ன? லீட்ஸ், நியூகாஸில் போன்ற ஊர்களிலுள்ள ஒரு வக்கீல் நிறுவனத்தில் சேருகிறவர் வழக்கமாக இரண்டு வருஷம் பயிற்சி பெறுகிறார். ஆறு மாதம் சொத்துப் பத்திரம், ஆறு மாதம் குடும்ப வழக்கு, பிறகு வியாஜ்யம், இப்படி இலாகா மாற்றுவார்கள். லண்டனுக்கு வெளியே அவருக்குக் குறைந்தபட்சம் வருஷத்துக்கு 16,650 பவுன் கொடுத்தாகவேண்டும் என்ற விதி இருந்தது. 2014 ஆகஸ்டு 1-ல் அதை எடுத்துவிட்டார்கள். நாட்டின் பொதுவான குறைந்தபட்சக் கூலி கொடுத்தால் போதுமாம்! வீட்டிலிருந்து பணம் வருகிறவன் அதிலே காலந்தள்ளுவான். வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டியவன் என்ன செய்வான்?

2021-ல் புதிய பரீட்சை வந்தது. முதல் பகுதியில் 360 கேள்விகள். இரண்டு பகுதிக்கும் தொடக்கத்திலேயே கட்டணம் 3,980 பவுன். அதன் பின் ஏறியிருக்கிறது. பாடம் சொல்லிக்கொடுக்கிறவனுக்குத் தனி. கம்பெனிகளின் வழக்கு நடத்தும் பெரிய நிறுவனம் தன் ஆளுக்கு இதையெல்லாம் கட்டிவிடும். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவனுக்காகப் பேசும் சின்ன ஆபீசு எங்கே போகும்?

புதிய ஏற்பாட்டில் ஒரு நல்ல அம்சமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. இரண்டு வருஷ அனுபவத்தை ஒரே இடத்தில் பெறவேண்டியதில்லை. நான்கு இடங்கள் வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். ஏழைகளுக்கு ஆலோசனை சொல்லும் சட்ட நிலையத்தில் உழைத்த காலமும் செல்லும். சங்க ஆபீசில் உட்கார்ந்து மனு எழுதிப் பழகியவனுக்கு இதன் அருமை தெரியும். சம்பளம் வாங்கிக்கொண்டே ஆறு வருஷம் படித்து ஸாலிஸிடராகும் அப்ரண்டிஸ் வழியும் ஏற்பட்டது. ஆனால் 2026 ஜனவரி முதல், புதிதாகச் சேருகிறவர்களில் 22 வயது ஆனவர்கள் பெரும்பாலோருக்கு அந்தப் பயிற்சிக்கான சர்க்கார் பணம் கிடையாது. முப்பது வயதில் புத்தி வந்து படிக்க நினைக்கும் தொழிலாளிக்குக் கதவு சாத்தியாகிவிட்டது.

பயிற்சி முடிந்தாலும் யாருக்கு வேலை செய்வது? 1949-ல் தொழிற்கட்சி சர்க்கார் கொண்டுவந்த சட்ட உதவியை 2013 ஏப்ரலில் வெட்டிச் சுருக்கினார்கள். பாகுபாடு சம்பந்தப்பட்டவை தவிர வேலைத் தகராறுகளுக்கு உதவி நின்றது. அதே வருஷம் ஜூலையில், அநியாயமாக வேலைநீக்கம் செய்யப்பட்டவன் தீர்ப்பு மன்றத்துக்குப் போக 1,200 பவுன் கட்டணம் வைத்தார்கள். வழக்குகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. யூனிசன் தொழிற்சங்கம் வழக்காடி, 2017 ஜூலை 26-ல் உச்ச நீதிமன்றத்தில் அந்தக் கட்டணத்தை ரத்து செய்ய வைத்தது.

சங்கம் வழக்கு நடத்தினால் மட்டும் போதாது, வக்கீலையும் அதுவே உருவாக்கவேண்டும். டர்ஹாம் தொழிலாளர்கள் ராபர்ட்ஸுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இன்றைய பிரிட்டிஷ் தொழிற்சங்கங்கள் தங்கள் அங்கத்தினரின் பிள்ளைகளுக்கும், படிக்க விரும்பும் அங்கத்தினருக்கும் அந்தப் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டட்டும். பதிலுக்கு நாலைந்து வருஷம் சங்கத்தின் வழக்குகளைப் பார்க்கவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.