பல் பதித்த பாதை

பாடசாலை விடுமுறையைக் கைவேலையிற் கழிக்க விரும்பும் மாணவர்க்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் பெற்றோர்க்கும் இவ்வாரம் வீட்டுத் தோட்டத்தில் அமைக்கத்தக்க மலைப் புகையிரதப் பாதையொன்றைப் பற்றி எடுத்துரைக்கக் கருதுகின்றோம். நாம் மனத்திற் கொண்டுள்ள தோட்டம் வெருகலில் உள்ளது. மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு பாயும் அவ்வூரில் வயலும் மணலுமே மிகுதி. தண்டவாளத்தைக் காண விரும்புவோர் வடக்கே திருகோணமலைக்கோ, தெற்கே வாழைச்சேனைக்கோ செல்லுதல் வேண்டும். புகையிரதமே எட்டிப் பாராத ஊரில் மலைப் புகையிரதமா என்று சிலர் நகைப்பர். நகைக்கட்டும், பிள்ளைகள் மண்வெட்டியை எடுத்த பின்னர் நகைத்தவரே முதலில் வந்து யோசனை கூறுவர்.

நம் நாட்டு மலையகப் பாதை 6,226 அடி உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையம்வரை ஏறுகின்றது. எனினும் அதன் மிகக் கடுமையான சாய்வு ஏறத்தாழ 44க்கு 1 தான். அஃதாவது 44 அடி சென்றால் ஓர் அடி உயரும். அந்த அளவுக்குச் சக்கரத்தின் பிடிப்பே போதுமானது. தமிழ்நாட்டின் நீலகிரிப் பாதையிலோ கல்லாறு நிலையத்திலிருந்து குன்னூர்வரை ஏறத்தாழ 19 கிலோமீற்றர் தூரம் 12க்கு 1 என்னும் செங்குத்தான ஏற்றம் உண்டு. ஆங்கே வெறுஞ் சக்கரம் பயன்படாது. ஏன் பயன்படாது என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம்.

நம் சிறு இயந்திரத்தின் நிறை 4 கிலோகிராம், பெட்டிகளின் நிறை 8 கிலோகிராம் என்க. மொத்தம் 12. சாய்வு 12க்கு 1 ஆகையால், வண்டித்தொடரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 1 கிலோகிராம் நிறைக்குச் சமம். உலர்ந்த தண்டவாளத்தில் உருக்குச் சக்கரம் தன் மேலுள்ள நிறையின் காற்பங்களவே பற்றும் எனக் கொள்வோமாயின், 4 கிலோகிராம் இயந்திரத்தின் பிடிப்பும் அதே 1 கிலோகிராம்தான். தராசு சமநிலையில் நிற்கின்றது. ஒரு தூறல் விழுந்தால், அல்லது ஒரு மாவிலை தண்டவாளத்தில் ஒட்டிக்கொண்டால், பிடிப்புக் குறைந்து சக்கரம் வழுக்கும். ஆகவேதான் பாதையின் நடுவே பற்களும், இயந்திரத்தின் அடியில் அவற்றைக் கவ்வும் பற்சக்கரமும் தேவைப்படுகின்றன.

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த நிக்கலாஸ் றிகன்பாக் என்பார் ஏணிப் படிகள்போன்ற பற்பாதையை றீகி மலையில் 1871ஆம் ஆண்டில் அமைத்தார். அவருடைய நாட்டவரான றோமான் ஆப்ற் அதனைச் செம்மைப்படுத்தினார். ஒன்றுக்குப் பதிலாக இரு பற்சட்டங்களை அருகருகே வைத்து, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் இடைவெளி வருமாறு அமைத்தார். ஒரு பல் விடுபடுமுன் மறுபுறத்துப் பல் பற்றிக்கொள்ளும், வண்டி குலுங்காது. இம்முறையே நீலகிரியிற் கையாளப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இலும், உதகமண்டலம்வரை 1908இலும் திறக்கப்பட்ட அப்பாதையின் மொத்த நீளம் ஏறத்தாழ 46 கிலோமீற்றர். 2005ஆம் ஆண்டில் அது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. 1982இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’ திரைப்படத்தின் இறுதிக் காட்சியிற் கேத்தி நிலையத்தைக் கண்டு கண்ணீர் வடித்தோர் பலர். ஆனால் கேத்தி குன்னூருக்கு அப்பால் உள்ளது. ஆங்கே பற்சட்டம் இல்லை. மலை வண்டியின் மெய்யான வீரத்தைக் காண்பதற்குக் குன்னூருக்குக் கீழேதான் செல்லவேண்டும்.

அவ்வண்டியில் இயந்திரம் முன்னால் நின்று இழுப்பதில்லை. எப்போதும் பள்ளத்தின் பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளுகின்றது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் பள்ளத்திற்கு உருண்டோடாமல் இயந்திரத்தின் மீதே சாய்ந்து நிற்கும். அதுவும் போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் தடை பிடிப்பவர் ஒருவர் நிற்கின்றார். இவ்வளவு முன்னேற்பாடும் இறக்கத்தைக் கருதியே. ஏற முடியாத வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான்; இறங்குகையிற் பல் நழுவினால் உயிருக்கே கேடு.

அப்படியும் ஒருமுறை நேர்ந்தது. வேல்ஸ் நாட்டுச் சினோடன் மலையில், இதே ஆப்ற் முறையில் அமைந்த பாதை 1896ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. அன்றே இறங்கிவந்த இயந்திரம் பற்சட்டத்தை விட்டு விலகிக் கட்டுமீறி ஓடி, பள்ளத்தில் வீழ்ந்து நொறுங்கியது. பெட்டிகள் தம் தடையினால் நின்றன. ஆயின் அச்சத்தாற் குதித்த பயணியொருவர் இறந்தார். பாதை அமைத்தபின் அதன் கீழிருந்த மண் இறங்கியதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. பற்கள் உடையவில்லை, பற்களுக்குக் கீழிருந்த நிலம் ஏமாற்றியது. வெருகல் மணலில் மலை எழுப்ப முனைவோர் இதனைப் பலமுறை படிக்க.

ஆதலின் மணலைக் குவித்து அதன்மேற் பாதை இடுதல் ஆகாது. 36 அடி நீளத்தை நேராக அளந்து, மூன்று அடிக்கு ஒன்றாகச் சீமெந்துக் கல்லாலான தூண்களை நாட்டுக. ஒவ்வொன்றும் முந்தியதிலும் 3 அங்குலம் உயர்ந்திருப்பின், 12க்கு 1 என்னும் நீலகிரிச் சாய்வு தானே அமையும். உச்சி 3 அடி உயரத்தில் நிற்கும். அடித்தளத்தை மேல்மண்ணுக்குக் கீழே ஓரடியாவது தோண்டி இறுக இடித்து அமைத்தல் வேண்டும். மட்டம் பார்ப்பதற்கு, ஊடு தெரியும் குழாயில் நீர் நிரப்பிக் கொத்தனார் பார்க்கும் முறையே போதும். தூண்கள்மீது பனஞ்சலாகைகளைப் பொருத்தி, அவற்றின்மேல் 45 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள தண்டவாளத்தை இடுக. நீலகிரிப் பாதையின் அகலம் ஒரு மீற்றர், அதனை 22.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ இந்த அளவே வரும்.

கடையில் விற்கும் பற்சட்டம் விலை மிகுந்தது. நாம் சைக்கிள் சங்கிலியைப் பரிந்துரைக்கின்றோம். சங்கிலியின் உருளைகள் றிகன்பாக்கின் ஏணிப் படிகளையே ஒத்தவை. கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். 112 கண்ணிகள் கொண்ட சங்கிலி எட்டு வேண்டும். பழைய சங்கிலி வேண்டாம். தேய்ந்த சங்கிலி நீண்டுவிடுவதாற் பற்சக்கரம் அதிற் சரியாக அமராது. சங்கிலி பக்கவாட்டில் அதிகம் வளையாது. பாதையை நேராக அமைக்கச் சொன்னதன் காரணம் இதுவே. வண்டி ஏறினும் இறங்கினும் சங்கிலி பள்ளத்தை நோக்கியே தள்ளப்படும். ஆகவே அதனை உச்சித் தூணில் இரும்பாணியால் உறுதியாகப் பிணித்து, இடையிடையே பலகையுடன் பிடித்துவைத்தல் வேண்டும்.

மோட்டார் வாகனக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் 12 வோல்ற் மின்மோட்டார், பழைய உதிரிப்பாகக் கடைகளிற் கிடைக்கும். அதனுள் உள்ள திருகுப் பல்லிணையின் இயல்பு யாதெனின், மின்னோட்டம் நின்றதும் அச்சு பாரத்தால் எதிர்ப்புறமாகச் சுழலாது. அதுவே நம் தடையாகும். பற்சக்கரத்தை அதன் அச்சிற் பொருத்தி, மற்றச் சக்கரங்களைத் தாமே சுழல விடுக. இயந்திரத்தின் இருபுறமும் ஒரு தகட்டை வளைத்துப் பனஞ்சலாகையின் விளிம்புக்குக் கீழே வருமாறு பொருத்திவிட்டால், பற்சக்கரம் மேலெழும்பி விலகாது. சினோடனிலும் விபத்தின் பின் இத்தகைய கவ்வுகோலே பொருத்தப்பட்டது.

முதல் ஓட்டத்தில் பெட்டிகளில் மணல் நிரப்பி, தண்டவாளத்தில் நீர் தெளித்து, உச்சியிலிருந்து இறக்கிப் பார்க்க. பாதிவழியில் மின்னோட்டத்தைத் துண்டித்து, வண்டி நின்ற இடத்தில் நிற்கின்றதா என்று நோக்குக. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் நீர்க்குழாயால் மட்டம் பார்த்து, இறங்கிய தூணின்மேல் தகடு வைத்து உயர்த்துக. வடகீழ்ப் பருவமழை வலுக்கும் மாதங்களில், மண்சரிவு காரணமாகக் கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே வண்டி நிறுத்தப்படுவதுண்டு. அதே மழைதான் வெருகலிலும் பெய்கின்றது. அக்காலத்தில் இயந்திரத்தை வீட்டினுள் எடுத்துவைத்து, சங்கிலிக்கு எண்ணெய் பூசிவிடலாம்.