எஞ்சினுக்குப் பின்னால் என்ன வருகிறது?

டெல்டாவில் சரக்கு ரயிலைப் படம் எடுக்கிற நாங்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறோம். முன்னால் பச்சை வயல், நடுவில் வளைந்து வரும் எஞ்சின், மேலே மேகம். கீழே எஞ்சின் நம்பர், எந்த ஷெட், எத்தனை குதிரைத்திறன். பின்னால் என்ன வருகிறது? ‘கூட்ஸ்’. அவ்வளவுதான்.

இதைச் சோம்பேறித்தனம் என்கிறேன். முதல் குற்றவாளி நான்தான். என் ஹார்டு டிஸ்கில் பொன்மலை ஷெட் டீசல் எஞ்சின்களுக்கு நம்பர்வாரியாக ஃபோல்டர் இருக்கிறது. பாதை மின்மயமான பிறகு வந்த டபிள்யூஏஜி-9-க்குத் தனி ஃபோல்டர். அந்த ‘ஜி’ என்பதே கூட்ஸைத்தான் குறிக்கிறது. ஆனால் என் படங்கள் எதிலும் ஒரு நெல் மூட்டை கிடையாது.

தஞ்சாவூர் கூட்ஸ் ஷெட் வாசலில் ஒரு லோடுமேன் அண்ணன் கேட்டார்: “எஞ்சின் மட்டுந்தான் போட்டோவுல விழுமா தம்பி?”

சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அரவைக்குப் போகும் ஒரு நெல் ரயிலில் சுமார் 2,000 டன். கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. ஆக, 50,000 மூட்டை. லாரியிலிருந்து வேகனுக்கு அவை ஆள் சுமந்து போனவை. வண்டியை இழுக்க 6,120 குதிரைத்திறன், சரி. அதை நிரப்பிய திறனுக்கு எங்களிடம் ஃபோல்டரே இல்லை.

“நாங்க எஞ்சின் ரசிகர்கள் ப்ரோ, சமூக ஆய்வு எங்க வேலை இல்லை” என்பார்கள். ரயில் ரசிகர்களின் குலசாமியையே எடுத்துக்கொள்வோம். ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை அமெரிக்காவின் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையில் கடைசி நீராவி எஞ்சின்களை எடுத்தார், பெரும்பாலும் இரவில், வரிசையாக ஃபிளாஷ் பல்புகளைக் கட்டி. ஓடையில் குளிக்கும் பிள்ளைகளும், காரில் உட்கார்ந்து சினிமா பார்க்கும் ஜோடியும், ரயில்வே ஊழியர்களும் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். எஞ்சின் அதனால் ஒன்றும் சிறுத்துப் போகவில்லை.

“யார்டுக்குள்ள விடமாட்டாங்க” என்பது அடுத்த சாக்கு. விடவும் கூடாது. அத்துமீறி நுழைந்தால் 1989 ரயில்வே சட்டம், 147-ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் நீடாமங்கலம் கேட்டில் நிற்பதற்கு என்ன தடை? கூட்ஸ் வண்டிக்கு எஞ்சின் திசை மாற்றுகிறார்கள் என்று வருஷக்கணக்காக ஊரே அந்த கேட்டில் காத்துக் கிடந்திருக்கிறது. நம் லென்ஸ் அந்த ஜனங்களைத் தாண்டி எஞ்சினைத்தான் தேடியது.

“அப்போ ஏழ்மையைப் படம் பிடிக்கச் சொல்றியா?” இல்லை. கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்குங்கள். முகமே இல்லாமலும் எடுக்கலாம்: பாதி நிரம்பிய வேகன், கீழே சிந்திய நெல், அதைக் கூட்டி அள்ளும் துடைப்பம்.

சம்பா அறுவடை முடிந்ததும் மறுபடி தஞ்சாவூர் போகிறேன். அந்த அண்ணனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.