பாட்டிக்குக் கை எட்டுதா?

ஹெல்த் ஃபாசெட் வாங்கும்போது நாம பளபளப்பைத்தான் பார்க்கிறோம். முட்டி வலியோட குனிஞ்சு மக்கில் தண்ணி மொள்ள முடியாத பாட்டிக்கு அது ஆடம்பரம் இல்ல, அவசியம். ஆனா விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பல வீடுகள்ல அது கம்மோடுக்குப் பின்னாடிதான் தொங்குது. பாட்டியை உட்காரவெச்சுப் பார்த்து, அவங்க கை எட்டுற இடத்துல மாட்டச் சொல்லுங்க. ஆங்கிள் வால்வும் அங்கேயே வேணும். டிரிகரை விட்டாலும் ஹோஸுக்குள்ள அழுத்தம் அப்படியே நிக்கும். வால்வை மூடாம விட்டா, ஹோஸ் பிய்யுற அன்னைக்கு டேங்க் காலி.

10 மீட்டர் உயரத் தண்ணிக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். டேங்க் 3 மீட்டர் மேல இருந்தா 0.3 பார். (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் இதுக்காவது உதவுதே!) கழுவ அது போதும். போர் தண்ணி உப்பு துளையை அடைச்சா, கழட்டி எலுமிச்சைச் சாற்றுல ஊறப்போடுங்க.