கேரளாவுல இருந்து குப்பை வந்துச்சு, வர வேண்டியது வரல

2024 டிசம்பர் ஞாபகம் இருக்கா மக்களே? நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிட்டாங்க. ஊரே கொதிச்சுது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு, கேரள அதிகாரிகளே லாரியோட வந்து அள்ளிட்டுப் போனாங்க. நியாயமான கோபம்தான்.

அதே வருஷம் ஜனவரியில கேரளாவுல இன்னொண்ணு ஆரம்பிச்சுது. நம்ம பக்கம் அதை யாரும் பெருசா பேசல. அதுக்குத்தான் இந்த திரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசிங்க.

"ஆபரேஷன் அம்ரித்"னு பேரு. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்காரங்க சொல்லாமக் கொள்ளாம மெடிக்கல் ஷாப்புக்குள்ள போய், டாக்டர் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் விக்குறாங்களான்னு பார்த்தாங்க. சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் கிடையாதுன்னு கடையில எழுதி வைக்கச் சொன்னாங்க. மீறின கடை மேல நடவடிக்கை. இதுக்குன்னு புதுச் சட்டம் எதுவும் கொண்டுவரல. திருநெல்வேலிக்கும் பொருந்துற அதே சட்டம்தான். அவங்க அதை அமல்படுத்தினாங்க, அவ்வளவுதான்.

இங்க என்ன நடக்குது? "அண்ணே, தடுமம் பிடிச்சிருக்கு, காய்ச்ச அடிக்கு, ரெண்டு செட் மாத்திரை குடுங்க." நாலு மாத்திரையைக் கிழிச்சு ஒரு சின்னக் கவர்ல போட்டுக் குடுக்குறாங்க. அதுல ஒண்ணு பாரசிட்டமால், ஒண்ணு தடுமத்துக்கு. பல நேரம் மூணாவது அசித்ரோமைசினோ செஃபிக்சிமோ. கவர்ல பேரும் இருக்காது, எத்தனை நாளுக்குன்னும் இருக்காது.

தடுமமும் அதோட வர்ற காய்ச்சலும் பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒண்ணும் செய்யாது. மூணு நாள்ல தானா இறங்க வேண்டிய காய்ச்சல் மூணாம் நாள் இறங்குது, பேரு மாத்திரைக்குப் போகுது. அடுத்த தடவையும் அதே கடை, அதே கவர். ஐப்பசி கார்த்திகையில டெங்கு வர்ற நேரத்துல இது இன்னும் மோசம். டெங்குவும் வைரஸ்தான். செட் மாத்திரையை நம்பி வீட்டுல இருந்துட்டு, காய்ச்சல் விட்ட பிறகு வயித்து வலி, வாந்தியோட வர்றவங்களைப் பாக்குறோம்.

"எனக்கு அந்த மாத்திரை உடம்புக்குப் பழகிப் போச்சு டாக்டர், இப்ப கேக்க மாட்டேங்குது." இதை அடிக்கடி கேக்குறேன். உடம்புக்கு எதுவும் பழகல. பழகினது கிருமிக்கு. தேவையில்லாம மாத்திரை போடும்போது குடல்ல சும்மா குடியிருக்குற பாக்டீரியாக்கள்ல பலவீனமானது சாகும், மருந்தைத் தாங்குறது மட்டும் பெருகும். அந்தத் தாங்குற குணத்தைப் பக்கத்துல இருக்குற வேற வகைக் கிருமிக்கும் கைமாத்திக் குடுக்கும். அது உங்க கையோட உங்க வீட்டுப் பச்சப்பிள்ளைக்கும் போகும், வயசான ஆச்சிக்கும் போகும். வாழ்க்கையில ஒரு ஆன்டிபயாடிக்கூட போடாத ஆளுக்கும் மருந்து கேக்காத மூத்திரத் தொற்று வரலாம்.

பென்சிலினைக் கண்டுபிடிச்ச ஃபிளெமிங் 1945-ல் நோபல் உரையிலேயே இதைத்தான் சொன்னாரு. கற்பனையா ஒரு மனுஷன், தொண்டை வலிக்குத் தானே பென்சிலின் வாங்கி அரைகுறையாப் போடுறான். கிருமி மருந்தைத் தாங்கப் பழகிடுது. அது அவன் பொண்டாட்டிக்குத் தொத்தி, நிமோனியா வந்து, பென்சிலின் வேலை செய்யாம அவ செத்துப் போறா. 80 வருஷம் ஆச்சு.

2019-ல் மட்டும் உலகத்துல 12.7 லட்சம் பேர் மருந்துக்கு மசியாத கிருமியால நேரடியா செத்ததா கணக்கு.

நமக்குத் தெரியாதுன்னு சொல்லவும் முடியாது. என்டிஎம்-1 கிருமி பத்தி 2010-ல் லான்செட் குழும இதழ்ல வந்து உலகத்தையே உலுக்கின கட்டுரையோட முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடிப் போட்ட திட்டத்துக்குப் பேரே "சென்னை பிரகடனம்". 2014 மார்ச் 1-ல் எச்1 பட்டியல் அமலுக்கு வந்துச்சு. செஃபிக்சிம், லீவோஃப்ளாக்சசின் மாதிரி மருந்து வித்தா வாங்கினவர் பேரு, எழுதின டாக்டர் பேரு, எத்தனை மாத்திரைன்னு நோட்டுல எழுதி மூணு வருஷம் வச்சிருக்கணும். உங்க தெரு மெடிக்கல்ல அந்த நோட்டை எப்பவாவது பாத்திருக்கீங்களா?

ஜனங்களை மட்டும் திட்டுறதுல எனக்கு உடன்பாடு இல்ல. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துற அக்காவுக்கு ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. காலையில ஆஸ்பத்திரி வரிசையில நின்னா அன்னைக்குத் தட்டு மடியில ஏறாது. மெடிக்கல் ராத்திரி பத்து வரைக்கும் திறந்திருக்கு. அவங்க அங்க போகாம எங்க போவாங்க? அதனால கடையில கெடுபிடி வேணும்னு சொல்ற அதே வாயால இதையும் சொல்றேன்: கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல சாயங்காலமும் டாக்டர் நோயாளிகளைப் பாக்கணும். இது இல்லாம அது மட்டும் வந்தா, அந்த அக்கா தலையிலதான் விடியும்.

எங்க ஆட்களும் யோக்கியம் இல்ல. முதல் நாள் காய்ச்சலுக்கே ஆன்டிபயாடிக் எழுதுற டாக்டர்கள் உண்டு. எழுதலைன்னா "இந்த டாக்டர் மருந்தே தரமாட்டாரு"ன்னு நோயாளி அடுத்த கிளினிக்குக்குப் போயிருவாருங்கிற பயம். சீட்டு இருந்துட்டா மட்டும் சரியாயிடாது.

உங்களால முடிஞ்சது: மாத்திரை அட்டையில நெடுக்க ஒரு சிவப்புக் கோடு இருந்தா அது சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்து. கவர்ல பிரிச்சுப் போட்டா அட்டையைக் காட்டச் சொல்லுங்க. டாக்டர் எழுதினா "இது ஆன்டிபயாடிக்கா, எதுக்கு, எத்தனை நாள்?"னு கேளுங்க, கேட்டா கோவிக்கிறவர்கிட்டயும் கேளுங்க. எழுதினதைப் பாதியில நிறுத்தி மீதியை அலமாரியில வைக்காதீங்க. மச்சானுக்கும் குடுக்காதீங்க.

மூச்சு வாங்குது, மூத்திரம் குறையுது, பிள்ளை பால் குடிக்கல, காய்ச்சல் மூணு நாள் தாண்டுது, இப்படி எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

வழக்கம்போல கமெண்ட்ல "டாக்டர், எனக்கு ஒரு வாரமா இருமல், அசித்ரோமைசின் போடலாமா?"ன்னு யாராவது கேப்பீங்க. அங்க பதில் சொல்ல மாட்டேன். நேர்ல போய்க் காட்டுங்க.