இருபது காசு விளக்கு



விடுமுறை வந்தாலே மாமல்லபுரமா, தஞ்சாவூரா என்று வீட்டில் பேச்சு கிளம்பும். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்துப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலை அடிவாரத்திலேயே ஒரு பழைய தலைநகரம் இருக்கிறது!

படவேடுதான் அது. அந்தக் காலத்துப் பெயர் படைவீடு. சம்புவராய மன்னர்கள் ஆண்ட ஊர். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் அவர்களை வென்றார். இன்று அரண்மனையைத் தேடினால் வாழைத்தோப்புதான் தெரியும். கோயில்கள் மட்டும் நிற்கின்றன. ரேணுகாம்பாள் கோயில் எல்லோருக்கும் தெரியும். கையில் வில் இல்லாமல் அமர்ந்திருக்கும் யோக ராமரையும் பார்த்து வாருங்கள்.

காலையில் படவேடு என்றால், மதியத்துக்கு மேல் திருமலை. வடமாதிமங்கலத்துக்கு அருகில் உள்ள சமணர் மலை இது. சுமார் 16 மீட்டர் உயர நேமிநாதரை அண்ணாந்து பார்த்தால் கழுத்தே வலிக்கும்! குகைக்குள் பழைய ஓவியங்களும் உண்டு.

ஆனால் எனக்குப் பிடித்தது அங்குள்ள ஒரு கல்வெட்டு. முதலாம் ராஜேந்திர சோழனின் படை கங்கை வரை வென்ற நாடுகளை அது வரிசையாகச் சொல்கிறது. வரலாற்று ஆசிரியர்களுக்கு இது பெரிய சான்று. அதை வெட்டச் செய்த காரணம் என்ன தெரியுமா? நன்னப்பயன் என்ற வணிகரின் மனைவி சாமுண்டப்பை, அங்குள்ள குந்தவை ஜினாலயத்துக்கு நந்தா விளக்கு எரிக்க 20 காசும், அமுதுக்கு 10 காசும் கொடுத்தார். அந்தக் கணக்கை எழுதும்போதுதான் மன்னர் பெருமையும் கல்லில் ஏறியது! ஏறக்குறைய ஆயிரம் ஆண்டாக அந்த அம்மா பெயர் அங்கே இருக்கிறது.

இப்போது சில அண்ணன்மார் ஆணியால் கீறும் பெயர்களும் பழைய சுவர்களில் இருக்கின்றன. பார்க்கவே எரிச்சலாக வருகிறது. ஒரு கீறலில் ஓர் எழுத்து போனால், அதை வைத்துப் படிக்க வேண்டிய ஊர்ப்பெயரே போய்விடும். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் இப்படிச் செய்தால் 2 ஆண்டு வரை சிறை என்று சட்டமே சொல்கிறது. அழகு என்று நினைத்துக் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பதும் சேதம்தான். யாராவது அடித்தால் அப்பாவிடமோ ஆசிரியரிடமோ உடனே சொல்லுங்கள்.

உங்கள் ஊர்க் கோயில் சுவரிலும் எழுத்து இருக்கலாம். தொட்டுத் தேய்க்காமல் பார்த்து, ஊர் பெயரோடு நமக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்