பழம்பாட்டும் புதுப்பாட்டும்

தமிழை முத்தமிழ் என வகுத்த நம் முன்னோர், இயலுக்கும் நாடகத்திற்கும் இடையில் இசையை வைத்தனர். நடுவில் வைக்கப்பெற்ற அவ்விசையைப் பற்றிப் பேசும்போதுதான் நாம் நடுவுநிலை தவறிவிடுகிறோம். "அந்தக் காலத்துப் பாட்டு எங்கே, இந்தக் காலத்து இரைச்சல் எங்கே?" என்னும் வினா மேடைதோறும் எழுகின்றது. வினவுகின்றவரே விடையையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார். நானும் அவ்விடையைப் பல மேடைகளில் வழங்கியவன்தான். அது முழுமையான விடையன்று என்பதை எனக்கு உணர்த்தியவர் ஒரு மாணவர்.

சில ஆண்டுகளுக்கு முன், துறை விழாவையொட்டி நடைபெறவிருந்த பாட்டுப் போட்டிக்கு விதிமுறைகளை வகுக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. "1980-ஆம் ஆண்டிற்கு முற்பட்ட திரைப்பாடல்கள் மட்டுமே பாடப்படல் வேண்டும்" என்று எழுதினேன். அறிவிப்புப் பலகையில் அதனைப் படித்த இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, நீங்கள் மாணவராக இருந்தபோது எந்தப் பாட்டைப் பாடினீர்கள்?" எனப் பணிவோடு கேட்டார்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. நான் கல்லூரியில் பயின்ற காலம் 1990-களின் இறுதி. 1992-இல் 'ரோஜா' திரைப்படத்தின் வாயிலாக அறிமுகமான ஏ.ஆர்.ரகுமானின் பாடல்களை, ஒலிநாடா தேயும்வரை விடுதி அறையில் கேட்டவர்கள் நாங்கள். எங்களுக்குக் கற்பித்த ஆசிரியர்கள் சிலர் அதனைக் கருவிகளின் கூச்சல் என்றனர். இன்று என் மாணவர்கள் அதே பாடல்களைப் "பழைய பாட்டு" என்று மதிப்போடு குறிப்பிடுகின்றனர். அன்று குற்றவாளிக் கூண்டில் நின்ற நான், இன்று நீதிபதியின் இருக்கையில் அமர்ந்து, எனக்கு வழங்கப்பட்ட அதே தீர்ப்பைப் பிறருக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

இத்தீர்ப்பு என் ஆசிரியர்களோடு தொடங்கியதும் அன்று. 1952 முதல் 1962 வரை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக விளங்கிய பி.வி.கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இரசனையைக் கெடுக்கின்றன எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இடம் சுருங்கியது. நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957-இல் விவித் பாரதி தொடங்கப்பட்ட பின்னரே திரைப்பாடலுக்கு நம் வானொலியில் மீண்டும் உரிய இடம் கிடைத்தது. தரங்குறைந்தவை என அன்று ஒதுக்கப்பட்டவை எந்தக் காலத்துப் பாடல்கள்? பொற்காலப் பாடல்கள் என இன்று நாம் போற்றும் 1950-களின் பாடல்களே அவை!

இதற்கு நேர்மாறான குறையையும் நம் மொழியில் ஒருவர் எழுதியுள்ளார். பாரதியார் தம் இசைக் கட்டுரையில், வித்துவான்கள் பழைய கீர்த்தனங்களையே பொருளுணராமல் திரும்பத் திரும்பப் பாடுவதைக் கடிந்தார். தமிழில் புதிய கீர்த்தனங்கள் வேண்டும் என்றார். புதுமையால் மட்டுமன்றிப் பழமையாலும் இசை நலிவுறும் என்பது அவர் கண்ட உண்மை. பழையன எல்லாம் நல்லன ஆகா, புதியன எல்லாம் தீயன ஆகா எனப் பதினான்காம் நூற்றாண்டிலேயே உமாபதி சிவம் தம் நூலின் பாயிரத்தில் கூறியிருப்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

அவ்வாறாயின் பழம்பாட்டு உயர்ந்ததாகத் தோன்றுவது ஏன்? காலம் ஒரு முறம். அது பதரைப் புடைத்துத் தள்ளிவிட்டு மணியை மட்டும் நம்மிடம் தருகிறது. தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்த ஆண்டு 1931. அக்காலப் படங்கள் சிலவற்றில் ஐம்பது பாடல்கள்வரை இடம்பெற்றதுண்டு. அவற்றுள் எத்தனை இன்று நம் நாவில் உள்ளன? சென்ற தலைமுறையின் மணிகளை ஒரு தட்டிலும், இன்றைய களத்தின் நெல்லையும் பதரையும் சேர்த்து மறுதட்டிலும் வைத்து நிறுப்பது முறையான நிறுவையாகாது.

எதிர்த்தரப்புச் சான்றையும் மறைத்தல் கூடாது. 2012-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள், 1955 முதல் 2010 வரை வெளிவந்த மேலை நாட்டு வெகுமக்கள் இசைப்பதிவுகள் இலட்சக்கணக்கில் எடுத்துக் கணினிவழி ஆராய்ந்தனர். சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றிற்குச் செல்லும் வழிகள் குறைந்துள்ளன. ஒலியின் சாயல்கள் ஒருபடித்தாகி வருகின்றன. பதிவின் உரப்பு கூடியுள்ளது என்பன அவர்தம் முடிவுகள். அவர்கள் அளந்தது மேலை இசையை. தமிழ்ப் பாடலை அன்று. எனினும் "இரைச்சல்" என்னும் முறையீடு முதியோரின் வெறுங்கற்பனையன்று என்பதற்கு இது சான்றாகும்.

மாற்றத்தின் காரணம் மனிதரின் மனத்தில் மட்டும் இல்லை, கருவியிலும் உள்ளது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலித்தது. பாட்டும் அதற்குள் அடங்கியது. முன்னாளில் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே கூடத்தில் கூடிப் பாடலைப் பதிவு செய்தனர். ஒருவர் பிழைத்தால் அனைவரும் மீண்டும் தொடங்குவர். இன்று ஒவ்வொருவர் பங்கும் தனித்தனியே பதிவாகின்றது. பிசகிய சுரத்தைக் கணினி திருத்துகிறது. இணையவழி இசைச் சேவைகளுள் முதன்மையான சில, முப்பது வினாடி கேட்டாலே அதனை ஒரு முறை கேட்டதாகக் கணக்கிடுகின்றன. அந்த முப்பது வினாடிக்குள் செவியைப் பிடிக்க வேண்டிய நெருக்கடியில், நீண்ட முன்னிசைக்கு இடமேது?

கருவியைப் பழிப்பதும் எளிது. ஆயின் அதே கருவிதான் நாகூர் இ.எம்.ஹனீபா அவர்களின் கணீரென்ற குரலை இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் ஊர்தோறும் கொண்டுசேர்த்தது. 1961-இல் வெளிவந்த 'பாவமன்னிப்பு' திரைப்படத்தில் அவர் டி.எம்.சௌந்தரராஜனோடு இணைந்து பாடியதைச் சமயம் கடந்து தமிழகம் கேட்டது. இசை கூடுமா கூடாதா என்னும் மார்க்க விவாதம் ஆலிம்களுக்கு உரியது. அதில் நான் தலையிடவில்லை. கேட்கப்படும் பாட்டை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே என் வினா.

முறம் சில வேளைகளில் மணியையும் சிந்திவிடும் என்பதையும் கருதுதல் வேண்டும். பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைநூல்கள் மறைந்துபோனமையைச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் குறிக்கின்றார். நம் இல்லங்களில் மூதாட்டியர் இராகமிட்டுப் படித்த கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் தாலாட்டுகளும் இன்று எத்தனை பேர் நினைவில் உள்ளன? பழமைக்காக மேடையில் கண்ணீர் வடிக்கும் நாம், பாட்டியின் அருகில் ஒரு பதிவுக் கருவியோடு ஒரு மாலைப் பொழுதேனும் அமர்ந்ததுண்டா? நம் கைப்பேசியிலேயே அக்கருவி இருக்கிறது.

விதியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவ்வாண்டு அம்மாணவர் போட்டியில் பங்கேற்கவில்லை. என் பிழையை ஒப்புக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. மறு ஆண்டு விதியை இவ்வாறு திருத்தினேன்: "எக்காலத்துப் பாடலும் பாடலாம். பாடுவதற்கு முன் பாடலாசிரியர் பெயரையும் பாடலின் பொருளையும் கூறுதல் வேண்டும்." அம்மாணவர் புதிய பாடல் ஒன்றைத் தேர்ந்து வந்தார். இரண்டாம் சரணத்தை எட்டியதும் தயங்கி, "ஐயா, இதற்குப் பொருள் இருப்பதாகத் தெரியவில்லை" என்றார். அரங்கம் சிரித்தது, அவரும் சிரித்தார். அடுத்து வந்தவர் 1960-களின் பாடல் ஒன்றைப் பொருள் கூறத் தொடங்கினார். பெண்ணை எள்ளும் ஒரு வரியில் அவர் குரல் தாழ்ந்தது. இத்தனை ஆண்டுகள் அவ்வரியை நானும் தலையசைத்தே கேட்டிருக்கிறேன். இம்முறை அரங்கம் சிரிக்கவில்லை.

அன்று தெளிந்தேன். பாட்டுக்கு வயதை அளவுகோலாக வைத்தால் நாம் சிந்திக்க வேண்டிய தேவையே எழாது. சொல்லையும் பொருளையும் பண்ணையும் அளவுகோலாக வைத்தால் பழம்பாட்டும் புதுப்பாட்டும் ஒரே அவையில் நின்று விடையிறுக்க வேண்டும். கேட்கும் நாமும் விடையிறுக்க வேண்டும். அத்தகைய அவையைத் தமிழ்த்துறை அமைக்காவிடின் வேறு எத்துறை அமைக்கும்?