கால்சியமும் மக்னீசியமும் சேர்த்து உண்பது குறித்து எங்கள் நிலைப்பாடு

கால்சியம் மாத்திரையையும் மக்னீசியம் மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கலாமா என்று கேட்பவருக்கு நேரெதிரான இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. ஒன்றையொன்று தடுத்துவிடும், காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகப் பிரித்துவிடுங்கள் என்கிறார்கள் சிலர். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்த மாத்திரைதான் எலும்பில் சேரும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுக்கும் போதிய சான்று இல்லை. சிறுநீரகம் நன்றாக இயங்குபவர்கள், வழக்கமான அளவில், இவற்றைச் சேர்த்தே உண்ணலாம் என்பது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

பிரிக்கச் சொல்பவர்களின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இரண்டும் இரட்டை நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள். குடலில் முட்டிக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் கால்சியத்தைச் சிறுகுடலின் முற்பகுதி வைட்டமின் டி துணையோடு முனைந்து உறிஞ்சுகிறது. மக்னீசியத்தின் பெரும்பங்கு சிறுகுடலின் பிற்பகுதியில், செல்களின் இடுக்கு வழியே தானாக உள்ளே போகிறது. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 1997-இல் மனித ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கால்சியத்தைக் கூட்டியதால் மக்னீசியம் உறிஞ்சப்படுவது குறைந்ததாக அவற்றில் பெரும்பாலானவை காட்டவில்லை. உணவிலும் இவை சேர்ந்தே வருகின்றன. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியமும் 140 மி.கி. மக்னீசியமும் உண்டு, கூழை யாரும் தாதுவாரியாகப் பிரித்துக் குடிப்பதில்லை. மாத்திரையின் அளவு கூழின் அளவு அல்லவே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. கவனிக்க வேண்டியது நேரத்தைவிட அளவைத்தான். கால்சியம் ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் போனால் உறிஞ்சப்படும் விகிதம் குறைகிறது. கார்பனேட் வகை என்றால் சாப்பாட்டோடு உண்பது நல்லது. மாத்திரை வழியாக வரும் மக்னீசியத்துக்கு அமெரிக்காவில் நாளொன்றுக்கு 350 மி.கி.யும் ஐரோப்பாவில் 250 மி.கி.யும் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் முதலில் வருவது வயிற்றுப்போக்கு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மக்னீசியம் இரத்தத்தில் தேங்கி ஆபத்தாகலாம் என்பதால், அவர்கள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

கலவை மாத்திரைக்காரர்களின் வாதமும் ஓர் உண்மையிலிருந்துதான் புறப்படுகிறது. மக்னீசியம் கடுமையாகக் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் சரியாகச் சுரக்காது. அப்போது கால்சியத்தை மட்டும் கொடுத்து இரத்தக் கால்சியத்தை நிமிர்த்த முடியாது. ஆனால் இது பற்றாக்குறை நோயாளிக்கான சிகிச்சை. போதிய மக்னீசியம் உள்ளவருக்கு அதைக் கூட்டிக் கொடுத்தால் எலும்பு வலுக்கும் என்றோ, இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் மற்றவற்றைவிட மேலானது என்றோ இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. அந்த விகிதத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

பிரித்து உண்பதால் என்ன கெட்டுவிடும் என்றும் கேட்கலாம். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகப் பிரிக்கலாம். ஆனால் ஒரு நாளில் இருக்கும் இடைவெளிகள் சில; அவற்றை உண்மையிலேயே விலக்கி வைக்க வேண்டிய மருந்துகளுக்கு ஒதுக்க வேண்டும். தைராய்டுக்கான லெவோதைராக்சினுக்கும் இந்த இரண்டு தாதுக்களுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை இவை பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் ஆக்கும். கால்சியம் இரும்புச்சத்தையும் தடுக்கும்; கர்ப்பிணிகளுக்கு இரண்டு மாத்திரையும் தரப்படும் நம் நாட்டில், அவற்றைச் சேர்த்து விழுங்க வேண்டாம் என்று மத்திய அரசின் 2014 வழிகாட்டுதலே சொல்கிறது. இதைச் சொல்லாமல் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மட்டும் பிரிக்கச் சொல்வது தவறான இடத்தில் காட்டும் கண்டிப்பு. மருந்தாளுநர்கள் இந்த மாத்திரைகளைக் கொடுக்கும்முன், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், சிறுநீரகக் கோளாறு உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் கட்டாயம் கேட்க வேண்டும் என்று வேண்டுகிறோம்.